கொக்கி மாட்டுகிற வயசு

எங்கள் தெருவில் பால்பல் விழாத பிள்ளை எதுவும் அத்தையின் கையில் சிக்காமல் தப்பியதில்லை. மிட்டாய் காட்டிக் கூப்பிடுகிற நாசூக்கெல்லாம் அவளுக்குக் கிடையாது. "தே, இங்க வா" என்பாள். போனால் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிடுவாள். துடைத்த கூலிக்கு ஒரு கேள்வி கேட்பாள். நாம் சொல்கிற பதிலைக் கேட்டுத் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். சிரிப்பு அடங்கியதும் தீர்ப்பு வரும். "இன்னும் கொக்கி மாட்டல. போய் வெள்ளாடு."

எனக்கு அவள் சொந்த அத்தை இல்லை. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ராயபுரத்துக்கு வந்து மளிகைக்கடை வைத்திருந்தோம். அவர்கள் அடுத்த வீட்டு வேதக்காரக் குடும்பம். அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். என் அம்மா ஊர்ப் பழக்கத்தில் அவளை மைனி என்று கூப்பிட்டதால் எனக்கு அவள் அத்தையானாள். பதிலுக்கு அவள் அம்மாவை "மளிகம்மா" என்பாள். பகலெல்லாம் எங்கள் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொடுப்பாள். கைக்குத்தான் புளி, வாய்க்கு நாங்கள்.

கொக்கி என்று அவள் சொன்னது ரயில் கொக்கியை. அவள் அப்பா ராயபுரம் யார்டில் வேகன்களை ஒன்றோடு ஒன்று மாட்டிவிடுகிற வேலை பார்த்தவர். வேகன் வந்து வேகனில் மோதுகிற சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள், பிள்ளைகளின் மண்டையையும் ஒரு யார்டாகத்தான் பார்த்தாள். "சரக்கு எல்லாம் கீது. வேகன் வேகனா தனியா நிக்குது. ஒரு வயசுல தானா கொக்கி மாட்டிக்கும். அப்பால தான் அது வண்டி" என்பாள். எந்த வயசில் மாட்டுகிறது என்று பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது.

மீன்காரம்மாவின் மகளுக்கு அப்போது நாலு வயசு இருக்கும். அதைக் கூப்பிட்டு, "உங்கம்மா எங்கடி?" என்றாள்.

"மார்க்கெட்டுக்குப் போயிக்கீது."

"மார்க்கெட்ல மீனு விக்கிறது யாரு?"

"மீன்காரம்மா."

"ரெண்டு பேரும் அங்க பாத்துக்குவாங்களா?"

அது கொஞ்சம் யோசித்தது. "பாத்துக்குவாங்க. சண்ட போட்டுக்குவாங்க" என்றது. அத்தை சிரித்த சிரிப்பில் எடுத்து வைத்திருந்த புளி தரையில் கொட்டிவிட்டது.

இன்னொரு நாள் அவர்கள் கோயிலுக்குப் போய்வந்த ஒரு பொடியனைப் பிடித்து, மாதா எத்தனை பேர் என்று கேட்டாள். அவன் விரல் விட்டுச் சொன்னான். ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள், ஒருத்தி பாப்பா வைத்திருக்கிறாள், ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள், ஒருத்தி பாம்பை மிதித்துக்கொண்டிருக்கிறாள். "அக்கா தங்கச்சிங்களாடா?" என்று அத்தை கேட்க, "அழுவுறது தான் கடைசி தங்கச்சி" என்றான். என் அம்மா அரிசி புடைத்தபடி, "எங்க அம்மனும் அப்படித்தான் மைனி, ஊருக்கு ஒருத்தி இருக்கா. யாருக்கு யாரு தங்கச்சின்னு எனக்கே தெரியாது" என்றாள். அத்தை அவளையும் கொக்கி மாட்டாத கணக்கில் சேர்த்துவிட்டாள்.

எனக்கு வந்த கேள்வி கடலைப் பற்றியது. எத்தனை கடல் என்றாள். நான் மூன்று என்றேன். நம்ம ராயபுரம் கடல், திருவொற்றியூர்க் கடல், எண்ணூர்க் கடல். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறேன், பிறகு வேறென்ன சொல்வது? பின்னால் அப்பாவோடு பஸ்ஸில் எண்ணூர் போனபோது, ஜன்னல் வழியே ஒவ்வொரு சந்துமுனையிலும் அதே கடல் கூடவே ஓடி வந்தது. வீடு வந்ததும் அத்தையிடம் ஓடி, எல்லாம் ஒன்றுதான் என்று மூச்சுவாங்கச் சொன்னேன். அவள் என் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப்பார்த்து, "மாட்டிக்கிச்சி, மளிகம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அப்பாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "என்னத்த ஒண்ணு? எங்க கடல்ல முத்து கெடக்கு. இந்தக் கடல்ல என்ன கெடக்கு, கரித்தூளும் நாத்தமும். ரெண்டும் எப்படி ஒண்ணாவும்?" என்றார். அத்தை குரலைத் தாழ்த்தி, "உங்க வூட்டுக்காரருக்கு இந்த சென்மத்துல மாட்டாதும்மா" என்றாள்.

இந்தச் சிரிப்புக்கெல்லாம் நடுவில், பின்கட்டு மூலையில் ஒரு பையன் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பான். அவள் மகன். என்னைவிட இரண்டு வயசு மூத்தவன். எனக்குக் கொக்கி மாட்டியாயிற்று, அவனுக்கு மாட்டவில்லை. அத்தை ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேள்வி கேட்டது பொழுதுபோக்குக்கு அல்ல என்று என் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நாலு வயசில் மாட்டாது, ஐந்தில் மாட்டாது, சிலதுக்கு ஏழு ஆகிறது, அப்படியானால் சிலதுக்கு ஒன்பதும் ஆகலாம் அல்லவா என்று அவள் ஒவ்வொரு பிள்ளையிடமும் தன் பிள்ளைக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் ஒன்றும் மக்கு இல்லை. மணியோசையை வைத்து எந்தக் கோயில் என்று சொல்வான். கப்பலின் புகைக்கூண்டு நிறத்தை வைத்து அது போன தடவை எப்போது வந்தது என்று சொல்வான். லத்தீன் ஜெபமெல்லாம் அப்பளம் நொறுக்குகிற மாதிரி நொறுக்குவான். ஆனால் எதையும் எதோடும் சேர்க்க மாட்டான். எங்கள் வீட்டுப் பின்சந்து வழியாக வந்து அம்மா குழம்பு வைப்பதைப் பார்ப்பான். பிறகு தெருவைச் சுற்றிக்கொண்டு கடை வாசலுக்குப் போய், "பின்னாடி தெருவுல ஒரு அம்மா மீன் கொழம்பு வைக்குது, சோக்கா வாசன வருது" என்று அப்பாவுக்குச் சேதி சொல்வான். "அது எம் பொண்டாட்டிதாம்லே" என்று அப்பா சொன்னால், "அப்டியா?" என்று மரியாதையாக ஆச்சரியப்படுவான். மறுநாளும் அதே சேதியோடு வருவான்.

ஒருநாள் அத்தை எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துறைமுகத்துப் பக்கம் கிரேன் ஒன்று திரும்பியது. அதன் கூண்டிலிருந்து ஒருவர் துண்டை வீசிக் காட்டினார். "யாருடா ராஜா அது?" என்று மகனைக் கேட்டாள் அத்தை.

"கிரேன்காரரு. டாட்டா காட்றாரு."

"உங்க நைனா எங்க?"

"டூட்டிக்குப் போயிக்கீறாரு."

வேறு பிள்ளை சொல்லியிருந்தால் அந்த மணலிலேயே உருண்டு சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

இதற்கெல்லாம் ஒரு கெடு வந்தது. அவர்கள் மதத்தில் பிள்ளைகளுக்குப் புத்தி தெரிந்ததும் புதுநன்மை கொடுப்பார்கள். முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை என்கிற மெல்லிய வெள்ளை அப்பத்தை வாங்குவதற்குப் பெயர் அது. வெள்ளைச் சட்டை, மெழுகுவர்த்தி, அப்புறம் வீட்டில் பிரியாணி. அதற்கு முன்னால் பெரிய சாமியார் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார், தேறினால்தான் உண்டு. அத்தையின் மகன் இரண்டு தடவை தோற்றிருந்தான். முதல் தடவை, பீடத்தில் கொடுப்பது என்ன என்று கேட்டதற்கு அப்பளம் என்றான். இரண்டாவது தடவை சர்வேசுரன், அதாவது கடவுள், எத்தனை பேர் என்று கேட்டார்கள். பிதா ஒருத்தர், சுதன் ஒருத்தர், இஸ்பிரீத்துசாந்து என்கிற பரிசுத்த ஆவி ஒருத்தர், சர்வேசுரன் ஒருத்தர், ஆக மொத்தம் நாலு பேர் என்று கூட்டிக் கொடுத்துவிட்டான்.

"கூட்டல் கரீட்டா தான சாமி கீது?" என்று அத்தை வாதாடிப் பார்த்தாள். சாமியார் கேட்கவில்லை. ஞான உபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் அதோடு நிற்காமல், இன்னொரு தடவையும் தேறாவிட்டால் பையனை ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் வைத்திருக்கும் மந்தபுத்திப் பிள்ளைகள் விடுதியில் விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். வருஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கலாமாம். அத்தையின் புருஷனும் அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு அவள் எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து, "அவன அங்க உட்டா அவ்ளோ தான் மளிகம்மா. அம்மா வேற, வந்து பாக்குற பொம்பள வேறன்னு வச்சிக்குவான்" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அவள் புருஷன் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தலைக்கு நிறைய எண்ணெய் வைத்து வழித்து வாருவார். எங்களைக் கண்டால் பெப்பர்மிண்ட் கொடுப்பார். வாரத்தில் பாதி நாள் ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் மகனைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் காற்றாட வெளியே கூட்டிக்கொண்டு போவார். "இப்டி ஒரு புள்ளய எந்த அப்பன் இட்டுகினு சுத்துவான்?" என்று அத்தை அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

மூன்றாவது தடவைக்கு, தனியாகப் போகத் தெம்பில்லை என்று அத்தை அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நெற்றியில் திருநீற்றோடு அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதற்கும் இருக்கட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டிருந்தாள். அத்தையின் புருஷன் வாசல் பக்கம் தீர்த்தத் தொட்டியை ஒட்டி நின்றார். முன்னால் பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் அவன் மட்டும் பனைமரமாகத் தெரிந்தான்.

அவன் முறை வந்தது. பத்துக் கட்டளையைச் சொன்னான். பாவங்களின் பட்டியலைச் சொன்னான். பீடத்தில் கொடுப்பது அப்பளம் இல்லை என்பதையும் சொல்லிவிட்டான்.

"சர்வேசுரன் எத்தனை?"

"ஒண்ணு."

"எத்தனை ஆட்களாயிருக்கிறார்?"

"மூணு."

அத்தை என் கையைப் பிடித்து நசுக்கினாள். அதோடு விட்டிருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும். போன வருஷத்து நாலு பேர் கணக்கு சாமியார் மனசில் உறுத்தியிருக்க வேண்டும். கிளியாகச் சொல்கிறானோ என்ற சந்தேகத்தில், எந்தப் பிள்ளையிடமும் கேட்காத ஒன்றை அவனிடம் கேட்டார்.

"அதெப்படிடா? ஆள் மூணு, ஆனா ஒருத்தர். எப்படி?"

அவன் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், திரும்பி வாசலைப் பார்த்தான். அவன் முகத்தில் என்னமோ நடந்தது. வேகன் வந்து மோதுகிற சத்தம் அத்தைக்கு மட்டும் கேட்டிருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை.

"எங்க நைனா மாதிரி சாமி" என்றான்.

சாமியார் தாடியைத் தடவினார். "சொல்லு."

"கிரேன்ல ஏறுனா டிரைவரு. எங்க வூட்டுக்கு வந்தா எனுக்கு நைனா. தண்டையார்பேட்டை வூட்டுக்குப் போனா அங்க கீற பாப்பாவுக்கு நைனா. அங்க அவுருக்கு வேற சட்ட, வேற செருப்பு. நான் மூணு பேருன்னு தான் நென்ச்சிகினு இருந்தேன். ஆனா சைக்கிளு ஒண்ணு சாமி. பெல்லு சத்தமும் ஒண்ணு. அப்ப ஆளு ஒருத்தரு தான?"

உபதேசியார் இருமலை வரவழைத்துப் பார்த்தார், வரவில்லை. அத்தனை தாய்மார்களும் ஒரே நேரத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தீர்த்தத் தொட்டிப் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஆள் இல்லை. வெளியே சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுகிற ஓசை மட்டும் வந்தது.

அத்தை எழுந்து நின்றாள். குரல் ஆடவில்லை.

"சாமி, பையன் பாஸா ஃபெயிலா?"

சாமியார் அவளைப் பார்த்தார். அவள் முகத்தை அதிக நேரம் பார்க்க முடியாமல் பையனைப் பார்த்தார். "பாஸ்தாம்மா. கூட்டிக்கொண்டு போ" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அத்தை மகனின் கையை விடவே இல்லை. யார்டுப் பக்கம் வந்ததும் நின்று, அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, "மாட்டிக்கிச்சி மளிகம்மா, எம் புள்ளைக்கு மாட்டிக்கிச்சி" என்று சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"மைனி, அவன் என்ன சொன்னாம்னு வெளங்கிச்சா இல்லியா?"

"வெளங்காம இன்னா?" அத்தை மூக்கைச் சிந்தினாள். "ஓவர்டைம் முட்சிட்டு வந்தா பசிக்கலம்பாரு. சட்டையில கஞ்சி வாசன அடிக்கும். எங்கூட்ல எவ கஞ்சி போடுறா? எல்லா வேகனும் எங்கிட்ட தான் நின்னுகினு இருந்திச்சி, மளிகம்மா. பசங்களுக்கு மாட்டத் தெரியல. எனுக்கு மாட்ட மனசு வரல."

அன்று சாயங்காலம் அவர் வந்தார். வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். தெரு முழுக்க ஏதோ வேலை இருப்பதுபோல் அவரவர் வாசலில் நின்றது. அத்தை பாத்திரத்தை வீசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"இவனுக்குப் புத்தி சேராதுன்னு தைரியத்துல தான அங்க இட்டுகினு போன? ஊமப் புள்ளைய வச்சிகினு திருடுனா மாரி?"

இன்னொருத்தி இருந்ததைக்கூட அவள் என்றைக்காவது ஆற்றிக்கொண்டிருப்பாள். காற்றாட என்று அவனைக் கூட்டிப்போனதை அவளால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அதற்கப்புறம் அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். அந்தக் கிரேன் டிரைவரைப் பற்றி எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து ஒருநாளும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

புதுநன்மைக்கு நாள் வந்தது. முந்தின நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே புருஷனிடம் உத்தரவு போட்டாள். "நாளிக்கி அந்தப் பாப்பாவ இட்டாந்துடு. தாய்க்காரி வந்தாலும் வரட்டும்."

என் அம்மாவுக்குத் தலை சுற்றியது. "எதுக்கு மைனி உங்களுக்கு இந்த வேலை?"

"எம் புள்ள அத்தோட அண்ணன்னு கோயில்ல சாமி முன்னால சொல்லிட்டான். இனிமே நான் இல்லேன்னா ஆவுமா?"

தாய் வரவில்லை. பிள்ளை மட்டும் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வந்தது. நாலு வயசு, ரெட்டைச் சடை, கஞ்சி போட்ட கவுன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வெள்ளைச் சட்டை போட்ட பையன் அதைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் இலை போட்டு உட்காரவைத்தான். அது பயப்படாமல், வந்திருந்த எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

நாலு வயசுப் பிள்ளையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தெருவில் எனக்கா தெரியாது? எதிரில் குந்திக்கொண்டு, அத்தை கேட்கிற அதே தோரணையில் ஆரம்பித்தேன். "உங்கப்பா எங்கடி கீறாரு?"

"டூட்டிக்குப் போயிக்கீது" என்றது.

"அப்ப உன்ன சைக்கிள்ல வச்சி இட்டுனு வந்தது யாரு?"

அது வாயைத் திறப்பதற்குள் அத்தையின் கை என் வாயைப் பொத்தியது. மசாலாவும் நெய்யுமாக இருந்த கை. பொத்தின வேகத்தில் பல் உதட்டில் பட்டு எனக்கு வலித்துவிட்டது. இத்தனை வருஷமாக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தவளின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அதுங்கிட்ட ஒண்ணும் கேக்காத" என்றாள். அந்தப் பிள்ளையின் இலையில் ஒரு கறித்துண்டை எடுத்துவைத்து, எலும்பை நீக்கி, சிறிது சிறிதாகப் பிய்த்துப் போட்டாள். "மாட்டும்போது மாட்டட்டும். அது வரிக்கும் நல்லா துன்னட்டும்."